கத்துறது மரமில்ல, ஆணி

காந்தி மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்க பெரியம்மா வீடு. கீழே கடை, மேலே குடித்தனம். மாடிக்குத் தளம் கான்கிரீட் கிடையாது. உத்திரம், அதன்மேல் குறுக்குச் சட்டங்கள், அதுக்கு மேல மரப்பலகை. ராத்திரி தண்ணி குடிக்க ஒருத்தர் எழுந்தா வீடே முழிச்சுக்கும், அவ்வளவு கிறீச் சத்தம். "பேத்துட்டு கான்கிரீட் போட்டுடலாம், பலகையை நல்ல விலைக்கு எடுக்க ஆள் இருக்கு" என்றார் அண்ணன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாமேன்னு வயசான ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்தேன்.

நாலு நடை நடந்து பார்த்துட்டு அவர் சொன்னார்: "மரம் கத்தல தம்பி. ஆணிதான் கத்துது."

விஷயம் இதுதான். ஐப்பசி ஈரத்தில் பலகை ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். வருஷக்கணக்கில் இப்படி அசைந்ததில் ஆணியின் துளை பெரிசாகிவிடும். கால் வைத்ததும் பலகை ஆணியில் வழுக்கி இறங்கும். அந்த உரசல்தான் சத்தம். ஜப்பானில் கியோட்டோவின் நிஜோ கோட்டையில் நடந்தால் குருவி மாதிரி சத்தம் போடும் தளம் பிரபலம். அங்கேயும் சத்தம் வருவது பலகைக்கு அடியில் உள்ள இரும்புப் பிடியும் ஆணியும் உரசுவதால்தான்.

ஒரு பலகையைத் தூக்கினோம். உள்ளே ரெண்டு வகை ஆணி. ஒன்று கொல்லர் உலையில் அடித்த, நாலு பட்டையா முனை நோக்கிச் சிறுக்கிற பழைய ஆணி. இன்னொன்று கம்பியை மெஷினில் வெட்டிச் செய்த உருண்டை ஆணி. கம்பி ஆணி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். விலை மலிவு, பிடிப்பு குறைவு. அதிகம் கத்தின இடங்களில் இருந்தது உருண்டை ஆணிதான். அதாவது யாரோ பிற்பாடு பழுது பார்த்த இடங்கள்.

பலகைக்கும் ஒரு கதை உண்டு. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து திருச்சிக்கு ரயில் வந்தது 1862இல். இந்த மார்க்கெட் தொடங்கியது 1868இல், விரிவானது 1927இல். அந்தக் காலத்தில்தான் பர்மா தேக்கு கடல் தாண்டி வந்து இறங்கியது. அந்தத் தேக்குக்காக ஒரு ராஜ்யமே போனது. 1885இல், கணக்கில் காட்டாமல் மரம் எடுத்ததாக பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு மன்னர் தீபாவின் அரசவை பெரும் அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து பிரிட்டிஷ் படை மாண்டலேயைப் பிடித்தது. மன்னரை முதலில் சென்னைக்குக் கொண்டுவந்து, பிறகு ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரத்தும் நின்றது.

பெரியம்மா வீட்டுப் பலகை பர்மாவா, மலபாரான்னு கண்ணால பார்த்துச் சொல்லிட முடியாது. நல்ல தேக்கு எல்லாத்தையுமே 'பர்மா'ன்னு சொல்ற வழக்கம் நம்ம ஊர்ல உண்டு. ஆனா வைரம் பாய்ந்த தேக்கு, கரையான் தொடல. அதனால்தான் வாங்க ஆள் ரெடியா நிக்குது!

பழுது பார்த்தது ரெண்டு நாள் வேலை. முதலில் உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தைத் தட்டிப் பார்த்தார் ஆசாரி. அங்கே மரம் இத்துப்போயிருந்தாலோ தளம் தொய்ந்திருந்தாலோ அது ஆபத்து, வேற கதை. வெறும் சத்தம் ஆபத்து இல்லை. பிறகு ஆடின ஆணிகளைப் பிடுங்கி, துளைகளை மரக்குச்சியால் அடைத்து, பக்கத்தில் ட்ரில் போட்டு ஸ்குரூ முடுக்கினார். பலகைக்கும் சட்டத்துக்கும் இடைவெளி இருந்த இடத்தில் மெல்லிய ஆப்பு வைத்தார், ரொம்ப அடிக்காமல். அடித்தால் பலகை எகிறிக்கும். பலகையும் பலகையும் உரசின இடத்துக்கு டால்கம் பவுடரே போதுமாயிருந்தது.

கான்கிரீட் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. பழைய கடைவீதி வீடுகளில் வாழ்ந்தவர்கள் எழுதி வைத்தது குறைவு. தளத்துக்கு அடியில் இருக்கிற ஆணியும் மரமும்தான் மிச்சமிருக்கும் சாட்சி. உங்க வீட்லயும் பலகை மாடி இருந்தா, விலை பேசுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பலகையைத் தூக்கி அடியில பாருங்க. என்ன ஆணி, எத்தனை வகைன்னு போட்டோ எடுத்துக் குறிச்சு வையுங்க.