பிரிட்டனில் மரக்கன்றுக் காவல்

இலைகளில் உண்டாகும் சர்க்கரை மரப்பட்டையின் உள்ளடுக்கு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்டைச் சுற்றி முழு வளையமாக அதைக் கொறித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து, மரமும் பட்டுப்போகும். பிரிட்டனில் இதைத் தடுக்க எழுந்த ஏற்பாடுகளின் வரலாறு, பெரும்பாலும் அங்கே பெருகிய விலங்குகளின் வரலாறுதான்.

இடைக்காலத்தில் ஆடுமாடும் மானும்தான் தொல்லை. விறகுக்காக அடியோடு வெட்டிய மரங்கள் மறுபடி துளிர்க்கும்வரை அவை உள்ளே புகாதிருக்க, காட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணையே கரையாக உயர்த்தி, அதன்மேல் உயிர்வேலி வளர்த்தனர். எட்டாம் ஹென்றியின் 1543ஆம் ஆண்டுச் சட்டம் வெட்டிய காடுகளைச் சில ஆண்டுகள் அடைத்து வைக்கச் சொன்னது. மேய்ச்சல் நிலத்து மரங்களை, மாட்டின் வாய் எட்டாத 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டனர். புதுத் தளிர் அங்கிருந்தே கிளைத்தது.

முயலை உயிர்வேலியால் நிறுத்த முடியவில்லை. நார்மானியர் காலத்தில் இறைச்சிக்கும் தோலுக்குமாக வளர்க்கப்பட்ட அந்தப் பிராணி, தப்பிப்போய்த் தோட்டங்களுக்கும் இளங்காடுகளுக்கும் பகையானது. நார்விச் நகரத்து சார்லஸ் பர்னார்டு 1844இல் துணித்தறியைப் பார்த்துக் கம்பிவலை பின்னும் இயந்திரம் செய்தார். வலை மலிந்தது. ஆனால் முயல் மண்ணைத் தோண்டும் என்பதால், வலையின் அடியோரத்தை வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டியிருந்தது. 1953இல் பரவிய மிக்ஸோமடோசிஸ் நோய் முயல்களில் பெரும்பகுதியைக் கொன்றது. எனினும் அவை மெல்ல எதிர்ப்பாற்றல் பெற்று மீண்டன.

சிறு தோப்புக்கு வேலி கட்டுபடியாவதில்லை. பரப்பு கால்பங்காகக் குறைந்தாலும் சுற்றளவு பாதியாகத்தான் குறைகிறது. அதனால் கன்றுக்குக் கன்று காவல் வைப்பது லாபமாயிற்று. வனத்துறை ஆய்வாளர் கிரகாம் டூலி 1979இல் ஓக் கன்றுகளை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்க்குள் வளர்த்துப் பார்த்தார். மான் கடி நின்றது. உள்ளே வெதுவெதுப்பும் ஈரமும் தங்கியதால் கன்று வேகமாகவும் உயர்ந்தது. முயலுக்கு 60 செ.மீ., சிறிய ரோ மானுக்கு 1.2 மீட்டர், பெரிய மானுக்கு இன்னும் உயரம் என்று குழாயின் அளவு விலங்கைப் பொறுத்து அமைந்தது.

இந்தக் குழாய்களின் பிளாஸ்டிக்கான பாலிப்ரொப்பிலீன் மக்காது, வெயிலில் நொறுங்கி மண்ணோடு கலக்கும். வேலை முடிந்த குழாய்களைத் திரும்ப எடுப்பாரும் குறைவு. அண்மை ஆண்டுகளில் அட்டை, கம்பளி ஆகியவற்றாலான காவல்களும் வந்துள்ளன.

சாம்பல் அணிலுக்கு இவை எதுவும் பொருட்டல்ல. 1876இல் செஷையரில் விடப்பட்ட இந்த வட அமெரிக்க இனம், குழாயைவிட்டு வளர்ந்துவிட்ட இளமரங்களில் ஏறிப் பட்டையை உரிக்கிறது. இதற்குப் பொறியும் துப்பாக்கியும்தான் நடைமுறையில் உள்ளன. கருத்தடை மருந்து இன்னும் ஆய்வில் இருக்கிறது.