திலகரும் சாட்சிக் கூண்டும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை ஒரே சொல்லில் கூறுவதாயின், அடைக்கலம் எனலாம். குன்றுகள் சூழ்ந்த அதன் ஆழ்ந்த உட்குடாவினுள் புகுந்து நங்கூரமிட்ட கலத்தைப் பருவக்காற்று எளிதில் அலைக்கழிப்பதில்லை. அத்தகைய துறையை விட்டுத் தானாகவே வெளிக்கடலுக்குச் சென்ற கலம் புயலிற் சிக்குமாயின், பழி முழுவதையும் புயலின் மேல் ஏற்ற முடியுமா? நீதிமன்றுகளின் வரலாற்றிலும் இத்தகைய பயணங்கள் உண்டு. ஒருவரும் வழக்குத் தொடராதிருக்கத் தாமே வாதியாகச் சென்று, தம் சாட்சியத்தினாலேயே தோல்வியைத் தேடிக்கொண்டோர் சிலர் உளர். அவர்களுள் ஒருவர், பாரத நாடு முழுவதும் போற்றிய இதழாசிரியர் லோகமானிய பால கங்காதர திலகர் என்பது வியப்புக்குரியது.

திலகர் மராத்தி மொழியில் 'கேசரி', ஆங்கிலத்தில் 'மராட்டா' என்னும் இரு இதழ்களை நடத்தியவர். வானொலி தோன்றாத அக்காலத்தில் பொதுமக்களின் செவியை எட்டும் வலிமை இதழாசிரியரிடமே இருந்தது. அவரது குரல் தமிழகத்தையும் எட்டிற்று. 1907 ஆம் ஆண்டில் சூரத்து நகரிற் கூடிய காங்கிரசிற்கு வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய பாரதியாரும் திலகர் கட்சியினராகவே சென்றனர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே சுதேசிக் கப்பல் ஓட்டிய சிதம்பரனார் 1908 யூலை மாதத்தில் திருநெல்வேலியில் தண்டனை பெற்றார். அதே மாதத்தில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் திலகரும் தண்டனை பெற்றார்.

அந்தப் பம்பாய் வழக்கைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். கேசரிக் கட்டுரைகளுக்காக இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட திலகர், வழக்கறிஞரை அமர்த்தாது தாமே எதிர்வாதம் செய்தார். பல நாட்களாக இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் யூரர்முன் பேசினார். யூரர் ஒன்பதின்மருள் எழுவர் அவரைக் குற்றவாளி என்றனர், இருவர் மறுத்தனர். ஆறாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. ஆயினும் மக்கள் மன்றில் வென்றவர் திலகரே. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. அக்கால இந்தியச் சட்டத்தின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சியளிப்பதில்லை. ஆகவே அவரை எவரும் குறுக்கு விசாரணை செய்யவும் இயலாது. குற்றவாளிக் கூண்டு அவருக்கு மேடையாயிற்று. அங்கே கேள்வி கேட்பார் இல்லை.

அவர் பர்மாவின் மாந்தலைச் சிறையிலிருந்த காலத்தில், இலண்டன் 'தைம்ஸ்' இதழின் வெளிநாட்டுச் செய்திப் பகுதித் தலைவராயிருந்த சேர் வலன்ரைன் சிரோல், 'இந்தியாவின் அமைதியின்மை' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை 1910 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்த அமைதியின்மைக்குத் தந்தை திலகரே என்றது அந்நூல். 1897 இல் பூனாவில் நிகழ்ந்த ராண்ட் கொலைக்கும், 1909 இல் நாசிக்கில் நிகழ்ந்த ஜாக்சன் கொலைக்கும் அவரது எழுத்தும் செயலும் தூண்டுதலாயின என்ற கருத்துப்பட எழுதிற்று. தாயி மகராஜ் என்னும் அம்மையாரின் குடும்பச் சொத்து வழக்கில் திலகரின் நாணயத்தையும் ஐயுற்றது. அச்சொத்து வழக்கிலிருந்து எழுந்த பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டிலிருந்தோ, 1904 ஆம் ஆண்டிலேயே பம்பாய் உயர்நீதிமன்றம் திலகரை விடுவித்திருந்தது.

1914 இல் திலகர் விடுதலையானார். அடுத்த ஆண்டில், தாயி மகராஜ் வழக்கின் மூலப் பிணக்கிலும் இலண்டன் பிரிவுக் கவுன்சில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இவ்வெற்றி அவருக்குப் பெரும் ஊக்கமாயிற்று. ஆங்கில நாட்டு நீதியில் நம்பிக்கை கொண்டு, சிரோல் மீதும் நூலை வெளியிட்ட மக்மில்லன் நிறுவனத்தின் மீதும் இலண்டனில் மானநட்ட வழக்குத் தொடுத்தார். திலகர் சட்டம் பயின்று பட்டம் பெற்றவர்; மாணாக்கருக்குச் சட்டம் கற்பித்தவர். அவருக்கா வழக்கின் நுணுக்கம் தெரியாது என்று கேட்கலாம். ஆயினும் இங்கே மூன்று பிழைகள் நேர்ந்தன.

முதலாவது, களத்தைத் தேர்ந்த பிழை. பம்பாயிலுள்ள ஐரோப்பியரைக் காட்டிலும் இங்கிலாந்தின் யூரர் நடுநிலையாளர் என அவர் எண்ணினார். ஆனால் தம் பேரரசை எதிர்த்தவன் என்று சொல்லப்பட்ட ஒருவரையே அவர்கள் எடைபோட வேண்டியிருந்தது. இரண்டாவது, காலத்தைக் கணித்த பிழை. வழக்கு இழுபட்டு, முதலாம் உலகப் போர் முடிந்த சில திங்களில் விசாரணைக்கு வந்தது. மூன்றாவது பிழையே பெரிது. மானநட்ட வழக்கில் வாதி தன் நற்பெயரையே பொருளாக வைக்கிறான். எழுதியது உண்மையே எனப் பிரதிவாதி வாதிட்டால், வாதியின் வாழ்க்கை முழுவதும் விசாரணைக்கு உள்ளாகும். இரு முறை இராசத்துரோகத் தண்டனை பெற்ற ஓர் ஆசிரியருக்கு அது எத்துணை இடர் மிக்கது!

1918 ஆம் ஆண்டில் இங்கிலாந்து செல்லப் புறப்பட்ட திலகர் குழுவினர் கொழும்பு வரை வந்தபோது, பயண அனுமதி இரத்தாயிற்று. பின்னர் வழக்கை நடத்துவதற்கென்று மட்டும் அவருக்கு அனுமதி கிடைத்தது. அவ்வாண்டின் டில்லி காங்கிரசுக்குத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டிருந்தும், அப்பெருமையைத் துறந்தே அவர் கப்பலேறினார்.

1919 சனவரி இறுதியில் நீதிபதி டார்லிங் முன்னிலையில் விசாரணை தொடங்கிற்று. திலகர் சார்பில் தோன்றியவர் சேர் ஜோன் சைமன். பின்னாளில், இந்தியர் புறக்கணித்த சைமன் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இவரே. சிரோல் சார்பில் நின்றவர் சேர் எட்வர்ட் கார்சன். பிரித்தானியக் கடற்படைக்கு அமைச்சராயும் இருந்த இவர், குறுக்கு விசாரணையில் நிகரற்றவர் எனப் பெயர் பெற்றவர். 1895 இல், தாமே வழக்குத் தொடுத்து வந்த எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி வீழ்த்தியவரும் இவரே. நகைச்சுவையாக விடையளித்து அவையை மகிழ்வித்த வைல்ட், அந்நகைச்சுவையாலேயே அகப்பட்டார். முடிவில் ஈராண்டுச் சிறைக்கு ஆளானார்.

வைல்டுக்கும் திலகருக்கும் இயல்பால் ஒற்றுமை யாதுமில்லை. ஆயினும் இருவரும் விழுந்த குழி ஒன்றே. கேசரியின் பழைய கட்டுரைகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்பட்டன. பம்பாய் அரசு ஆவணங்களைத் தந்து பிரதிவாதிக்கு உதவிற்று. சிவாஜி அப்சல்கானைக் கொன்றது பற்றிய எழுத்து, கொள்ளைநோய்க் காலத்துக் கடுமைகளைக் கண்டித்த எழுத்து, வெடிகுண்டு பற்றிய எழுத்து ஆகியன யாவும் எழுந்தன. மராத்தி வாசகர் சூழலறிந்து உணர்ந்த பொருள் ஒன்று. இலண்டன் யூரர் மொழிபெயர்ப்பிற் கேட்ட பொருள் வேறொன்று. பம்பாயில் இருபத்தொரு மணி நேரம் பேசி விளக்கியவருக்கு இங்கே சுருங்கிய விடையே இடம். எழுதியதை மறுத்தால் நாணயம் போகும். ஒப்பினால் வழக்குப் போகும். விளக்கப் புகுந்தாலோ, நழுவுவதாகத் தோன்றும்.

பெப்ரவரியில் யூரர் சிரோலுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறினர். மாந்தலைச் சிறையிலிருந்தவர் நாசிக் கொலைக்கு எவ்வாறு பொறுப்பாவார் என்னும் நியாயமான வினாவும் அத்தீர்ப்பில் அமிழ்ந்து போயிற்று. எதிரியின் செலவும் திலகர் தலையில் விழுந்தது. மொத்தம் ஏறக்குறைய மூன்று இலட்சம் ரூபாய் என்பர். பொதுமக்கள் நிதி திரட்டி அச்சுமையைத் தாங்கினர்.

பணத்தினும் பெரிய இழப்பு காலம். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு கொதித்தெழுந்த போதும், ஏப்பிரல் 13 இல் ஜாலியன்வாலா பாக்கில் குருதி சிந்திய போதும் திலகர் இங்கிலாந்திலேயே இருந்தார். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் தாயகம் மீண்டார். 1920 ஆகத்து முதலாம் நாள் மறைந்தார். நாட்டின் தலைமை அதற்குள் காந்தியடிகளின் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது.

தோல்வியால் திலகரின் புகழ் மக்களிடையே குன்றவில்லை. சிரோல் இகழ்ச்சியாகச் சூட்டிய பட்டத்தையே அவர்கள் பெருமையாகக் கொண்டனர். எனின், மக்கள் முன்னரே துடைத்துவிட்ட ஓர் இழுக்கைத் துடைக்கவே அவர் கடல் கடந்து சென்றார் என்றாகிறது. பொதுவாழ்வினர் ஒருவரின் நற்பெயருக்கு உரிய நீதிமன்று எது என்பதை அறிவதும் சட்ட அறிவின் ஒரு பகுதியே. பம்பாய்க் குற்றவாளிக் கூண்டில் அவர் விடுதலையை இழந்து நாட்டின் நெஞ்சை வென்றார். இலண்டன் சாட்சிக் கூண்டிலிருந்து விடுதலையோடு இறங்கி வந்தார். ஆனால் வழக்கையும், பொருளையும், திரும்ப வாராத ஓர் ஆண்டையும் அங்கே விட்டு வந்தார்.