ரந்தாவ் தோட்டக் கடைகளும் சட்டமும்: வாய்ச்சொல்லும் ஆவணமும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கங்காணி முறை, கூலி, லயத்து வாழ்க்கை, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவை குறித்து ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. ஆனால் அத்தொழிலாளருக்கு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் மாதம் முழுவதும் கடனாகக் கொடுத்து, சம்பள நாளன்று கணக்குத் தீர்த்துக்கொண்ட சிறுகடைக்காரர் அவ்வரலாற்றில் ஓரத்திலேயே நிற்கிறார். அவர் முதலாளியும் அல்லர். சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளியும் அல்லர். இந்த இரண்டுங்கெட்ட நிலையே அவருடைய சட்டச் சிக்கல்களுக்கெல்லாம் தோற்றுவாய் எனலாம்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு, அத்தகைய சிறுகடைக்காரர் எதிர்கொண்ட சட்டக் கேள்விகளை வரலாற்று நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. அக்கேள்விகள் மூன்று: கடை நிற்கும் இடம் யாருடையது? கொடுத்த கடனை எவ்வாறு மெய்ப்பிப்பது? கடைக்குரிய பத்திரம் எது? இம்மூன்றிலும் தோட்டம் வாய்ச்சொல்லால் இயங்கியது. சட்டமோ எழுத்தைக் கேட்டது. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் பொருளாகும்.

வட்டாரப் பின்னணி

சிரம்பானுக்குத் தெற்கே அமைந்துள்ள ரந்தாவ், பழைய சுங்கை ஊஜோங் பகுதியைச் சார்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியில் காப்பி பயிரிடப்பட்ட தோட்டங்களுள் லின்சமும் ஒன்று. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி நின்ற இடங்களில் ரப்பர் நின்றது. ரப்பரோடு தமிழ்த் தொழிலாளர் தொகையும் பெருகியது. லின்சம், சிலியாவ் ஆகிய தோட்டப் பெயர்கள் இன்றும் இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக நிலைத்துள்ளன.

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்த பின்னரும் கங்காணி வழி ஆள்சேர்ப்பு தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை அது நீடித்தது. மலாயாத் தோட்டங்களில் கங்காணிகளே கடை நடத்தியதும் உண்டு. ஆளைச் சேர்த்தவரும் வேலையை மேற்பார்த்தவரும் அரிசி விற்றவரும் ஒருவராகவே இருந்தபோது, தொழிலாளியின் கடன் அவர் கழுத்தில் இட்ட கயிறாயிற்று. தோட்டக் கடையைப் பற்றிய பிற்காலச் சட்டங்கள் கடைக்காரரை ஐயக்கண் கொண்டு நோக்கியதற்கு இவ்வரலாறும் ஒரு காரணமாகும்.

சம்பளமும் கடைக்கடனும்

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இவ்வகையில் முதன்மையானது. சம்பளத்தை எங்கே, எவரிடம், எவ்வாறு செலவிடவேண்டும் என்று தொழிலாளியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை செல்லாது என்று அதன் 26ஆம் பிரிவு கூறுகிறது. மதுக்கடையிலோ சில்லறைக் கடையிலோ, அங்கேயே வேலை செய்பவருக்கன்றி, சம்பளம் வழங்கக்கூடாது என்று 28ஆம் பிரிவு விதிக்கிறது. சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறெதையும் சம்பளத்திலிருந்து கழிக்க இயலாது.

இவ்விதிகள் தொழிலாளரைக் காத்தன என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், கடைக்காரரின் நிலை என்னவாயிற்று என்பதும் நோக்கத்தக்கது. கடை பாக்கியைத் தம் விருப்பப்படி செக்ரோலில் கழித்துக் கொடுக்கக் கிராணிக்கு அதிகாரமில்லை. எனவே சம்பள நாளன்று அலுவலக வாசலுக்குச் சற்றுத் தள்ளி, கையில் கணக்குப் புத்தகத்துடன் காத்து நிற்பதே கடைக்காரருக்கு எஞ்சிய வழியாயிற்று. கடன் வசூல் முழுவதும் முகத்தாட்சண்யத்தையும் நாணயத்தையும் நம்பி நடந்தது. தொழிலாளி வேறு தோட்டத்திற்கு மாறிச் சென்றுவிட்டால் பாக்கியும் அவரோடு சென்றது.

கணக்குப் புத்தகத்தின் சட்டத் தகுதி

மலேசியச் சிறுகடைகளில் '555 புத்தகம்' என்று வழங்கும் சிறு குறிப்பேடு நாமறிந்ததே. தேதி, சரக்கு, தொகை ஆகியவற்றைக் கடைக்காரர் தம் கையெழுத்தில் குறித்துவைத்தார். இக்குறிப்பேடு நீதிமன்றத்தில் செல்லுமா என்பதே கடைக்காரர் கேட்கும் முதற்கேள்வி.

இதற்கான விடை 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் உள்ளது. வாணிக நடைமுறையில் ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் பதிவுகள் ஏற்கத்தக்க சான்றுகளே. ஆயினும் அப்பதிவுகளை மட்டும் கொண்டு ஒருவர்மீது கடன் பொறுப்பைச் சுமத்த இயலாது. இவ்விதி 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் வழிவந்தது. ஒப்பந்தச் சட்டமும் அவ்வாறே. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டி 1899இல் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டரசு மலாய் மாநிலங்களில் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆக, தஞ்சை மாவட்டத்து மளிகைக் கடைக்காரரையும் ரந்தாவ் தோட்டத்துக் கடைக்காரரையும் ஏறத்தாழ ஒரே சட்ட வாசகம் ஆண்டு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வாய்மொழி ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். சிக்கல் அதன் செல்லுபடியில் இல்லை, மெய்ப்பிப்பதிலேயே உள்ளது. வாங்கியவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டிருந்தால் கடைக்காரரின் தனிப்பதிவு இருவரின் ஒப்புதலாகிவிடும். 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் இதற்கு மேலும் ஒரு பயனைத் தருகிறது. ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்கும் காலம் ஆறு ஆண்டுகள். கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலும், கடனில் ஒரு பகுதியைச் செலுத்தினாலும், அந்நாள் முதல் ஆறு ஆண்டுகள் புதிதாக எண்ணப்படும். சம்பள நாளன்று கொடுத்த பத்து வெள்ளிகூடக் கடனுக்கு உயிர் தருகிறது. ஆனால் அதைக் கொடுத்தார் என்பதற்கு எழுத்து வேண்டும். நடைமுறையிலோ, உறவுமுறை வைத்து அழைத்துப் பழகியவரிடம் கையொப்பம் கேட்பது அவரை அவமதிப்பதாகக் கருதப்பட்டது. அந்த நாகரிகத்தின் விலையைக் கடைக்காரரே செலுத்தினார்.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று கைமாற்று. சரக்கைக் கடனாக விற்பது வேறு. வட்டிக்குப் பணம் கொடுப்பது வேறு. பின்னதற்கு 1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமமின்றி வட்டித்தொழில் செய்பவர் அக்கடனை நீதிமன்றத்தின் வழி மீட்க இயலாது, தண்டனைக்கும் உள்ளாவார். 2003ஆம் ஆண்டுத் திருத்தம், பிணையுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, பிணையற்ற கடனுக்கு 18 விழுக்காடு என்று வட்டிக்கு உச்சவரம்பு இட்டது. ஒரே பக்கத்தில் அரிசிப் பாக்கியையும் வட்டிப் பணத்தையும் சேர்த்தெழுதும் பழக்கம், நேர்மையான சரக்குக் கடனையும் ஐயத்திற்கு இடமாக்கிவிடும்.

சட்டம் எழுதச் சொன்ன காலம்

சட்டம் சிறுகடைக்காரரை வற்புறுத்தி எழுதவைத்த காலமும் ஒன்றுண்டு. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1950இல் பிரிக்ஸ் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1951இல் உணவுக் கட்டுப்பாடு கடுமையாக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிசப் படையினருக்கு உணவு சென்று சேராமல் தடுப்பதே அதன் நோக்கம். கட்டுப்பாட்டுப் பகுதிகளில் யாருக்கு எவ்வளவு விற்கப்பட்டது என்று கடைக்காரர் பதிவேடு வைக்கவேண்டியிருந்தது. டின்னில் அடைத்த உணவை விற்கும்போதே டின்னைத் துளையிட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது. மீறியோர் தண்டிக்கப்பட்டனர்.

அப்பதிவேடு கடைக்காரரின் கடனைக் காக்க எழுதப்பட்டதன்று. அவரையும் அவரிடம் வாங்கியவரையும் கண்காணிக்க எழுதப்பட்டது. எழுத்து என்றாலே அரசாங்கம், அரசாங்கம் என்றாலே தொல்லை என்ற மனப்பாங்கு சிறுவணிகரிடையே வேரூன்றியதற்கு இக்காலகட்டமும் துணைபுரிந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

இடத்தின் மீதான உரிமை

தோட்டக் கடை தோட்டத்து நிலத்தில் நின்றது. துரையின் அனுமதியே அதற்குப் பத்திரம். துரை மாறினாலும் தோட்டம் கைமாறினாலும் அந்த அனுமதியின் கதி என்ன என்பது அடுத்த கேள்வி.

1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்படவேண்டும். மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை உரிமையை வாய்மொழியாகவும் வழங்கலாம். ஆனால் அது நில உரிமைப் பத்திரத்தில் குறிப்பேற்றம் பெறாதிருந்தால், நிலத்தைப் பின்னர் வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. வெறும் அனுமதியாயின் அதன் வலிமை இன்னும் குறைவு. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியதும் துண்டாடல் பெருகியது. அதற்கு எதிர்வினையாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிற்காலத்தில் செம்பனை பரவியது. 1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. அதனையடுத்த ஆண்டுகளில் நீலாய், செண்டாயான் பகுதிகளின் தோட்ட நிலங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறின.

இம்மாற்றங்களின்போது வேலையிழந்த தொழிலாளிக்கு 1980ஆம் ஆண்டுப் பணிநிறுத்தப் பயன் விதிமுறைகள் இழப்பீடு வகுத்தன: ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு இருபது நாள் சம்பளம். அதே லயத்தாருக்கு முப்பது ஆண்டு அரிசி கொடுத்த கடைக்காரர் அவ்விதிமுறைகளின் பொருளில் தொழிலாளி அல்லர். அவருக்கு எஞ்சியது வசூலாகாத கணக்குப் புத்தகமே.

தோட்டத்தை விட்டுச் சாலையோர அரசு நிலத்தில் ஒட்டுக்கடை போட்டவர்கள் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தை நாடினர். அவ்வுரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் இறுதியில் முடிவுறும். பிறருக்கு மாற்ற இயலாது. உரிமையாளர் இறந்தால் அதுவும் முடிவுறும். பட்டணத்துக் கடைவீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரணாக இருந்தது. 1948 பிப்ரவரி 1க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கே அது உரியது. 1997இல் அது நீக்கப்பட்டு, இடைக்கால ஏற்பாடும் 1999 இறுதியுடன் முடிவுற்றது.

பதிவும் உரிமமும்

1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிவு செய்யவேண்டும். 2002 முதல் இப்பொறுப்பு மலேசிய நிறுவன ஆணையத்திடம் உள்ளது. சொந்தப் பெயரில் நடத்த ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் நடத்த 60 வெள்ளி. இதுவன்றி, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஊராட்சி மன்றத்தின் கடை உரிமமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பரவலான பிழை. ஒன்று வணிகம் யாருடையது என்று கூறுகிறது; மற்றொன்று அவ்விடத்தில் அவ்வணிகத்தை நடத்தலாம் என்று கூறுகிறது.

குடிமக்களும் நிரந்தரவாசிகளுமே வணிகத்தைப் பதிவு செய்யலாம். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இன்றித் தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் கடைக்குரிய சட்டக் கேள்வி கடையிலிருந்து தொடங்கவில்லை. தாம் யார் என்பதிலிருந்தே தொடங்கியது. பத்திரமின்மையின் விளைவு 2020இல் மீண்டும் வெளிப்பட்டது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் குறுந்தொழில்களுக்கு அரசு அறிவித்த 3,000 வெள்ளிச் சிறப்பு மானியம், பதிவுடையோரைக் கருதியே வகுக்கப்பட்டிருந்தது.

பங்கும் வாரிசும்

நண்பர்களோ சகோதரர்களோ சேர்ந்து நடத்திய கடைகளில் எழுத்து மேலும் அரிது. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பைப் போடுவது வழக்கம். மாற்று உடன்பாடு இல்லாதபோது பங்காளிகள் முதலையும் இலாபத்தையும் சமமாகப் பெறுவர், நட்டத்தையும் சமமாக ஏற்பர் என்பது 1961ஆம் ஆண்டுக் கூட்டுவாணிகச் சட்டத்தின் விதி. மூன்றில் இரு பங்கு முதல் போட்டவர் வாய்ப்பேச்சை நம்பியிருந்தால் பாதிக்கே உரியவராகும் நிலை நேரலாம்.

கடைக்காரர் இறந்தபின் அவர் மனைவியின் நிலையும் எண்ணத்தக்கது. கடையில் நின்று விற்றவரும் கணக்குக் கூட்டியவரும் பல இடங்களில் அவரே. பதிவில் அவர் பெயர் இராது. 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் 1997ஆம் ஆண்டுத் திருத்தப்படி, உயில் எழுதாது இறந்தவருக்கு மனைவியும் மக்களும் மட்டும் இருப்பின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. பெற்றோரும் இருப்பின் நான்கில் ஒரு பங்கு. அதைப் பெறவும் அவர் சட்டப்படி மனைவி என்று நிறுவவேண்டும். 1982 மார்ச் 1இல் திருமணச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாதிருந்த இணையர்களுக்கு இது பெருந்தடையாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. தோட்டச் சிறுகடைக்காரருக்குச் சட்டம் பகையன்று. அது அவருக்குத் தெரியாத மொழியில், அவர் பழகாத எழுத்து வடிவில் வந்தது. வாய்ச்சொல் போதிய அளவு மதிக்கப்பட்ட ஒரு சமூகம் கலைந்தபோது, வாய்ச்சொல்லை மட்டுமே வைத்திருந்தவர் முதலில் இழந்தார்.

இங்குத் தமிழாசிரியர்களுக்கு இரு கடமைகள் உள்ளன. முதலாவது, பழைய கடைக்காரர் குடும்பங்களில் எஞ்சியுள்ள கணக்குப் புத்தகங்களைத் திரட்டிக் காப்பது. ஒரு தோட்டத்து மக்கள் எந்த மாதம் எதை உண்டனர், எந்த மாதம் எதை வாங்க இயலாதிருந்தனர் என்று கூறும் தமிழ் ஆவணங்கள் அவை. கம்பெனிப் பதிவேடுகளில் இச்செய்திகள் கிடைக்கா. அவற்றில் பெயர் கண்டவர்களின் மானம் கருதி, பெயர் மறைத்தே பயன்படுத்தவேண்டும் என்பதையும் மறத்தலாகாது. இரண்டாவது, கடிதமும் கட்டுரையும் கற்பிக்கும் வகுப்பறையில் பற்றுச்சீட்டு, கடன் ஒப்புதல், வாடகை உடன்பாடு ஆகியவற்றையும் தமிழில் எழுதக் கற்பிப்பது. இவற்றை எழுதக் கற்ற மாணவர், நாளை ஒரு கடையைத் திறக்கும்போது தம் பாட்டனார் இழந்ததைத் தாமும் இழக்கமாட்டார்.