எம்டன் மூழ்கடித்த கண்காட்சியும் மந்தைவெளிக் கால்வாயும்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். பர்மா ஆயில் டாங்க் எரிந்தது, ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பியது, ‘அவன் பெரிய எம்டன்’ என்று பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்டது எல்லாம். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு சமாச்சாரம் உண்டு. அடுத்த மாதமே அதே எம்டன், கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை இந்தியப் பெருங்கடலில் மூழ்கடித்தது. சென்னையில் வைப்பதற்காக அனுப்பப்பட்ட ஒரு நகரமைப்புக் கண்காட்சி அதற்குள் இருந்தது. வரைபடங்கள், படங்கள், பல வருஷ உழைப்பு, மொத்தமும் கடலோடு போச்சு.

கண்காட்சிக்குச் சொந்தக்காரர் பேட்ரிக் கெட்டிஸ். ஸ்காட்லாந்துக்காரர், படித்தது உயிரியல். அவரைக் கூப்பிட்டவர் அப்போதைய கவர்னர் லார்ட் பென்ட்லண்ட். மனுஷர் அசரவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் கிடைத்ததைத் திரட்டி மறுபடி அனுப்ப, 1915 ஜனவரியில் மெரினா எதிரே செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது.

கெட்டிஸ் சொன்னதன் சாரம் ரொம்ப எளிது. ஊரை மாற்றுவதற்கு முன்னால் ஊரைப் பார். தெருத்தெருவாக நட. எது ஏன் அங்கே இருக்கிறது என்று கேள். அதற்குப் பெயர் சிவிக் சர்வே. அதை அங்கே குடியிருக்கிறவர்களும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பார். (எங்கள் தொழிலிலும் ரிக்வயர்மென்ட் கேட்காமல் கோட் எழுத ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. முடிவு தெரிந்ததுதான்.) தஞ்சாவூரில் நகராட்சி பழைய வீடுகளை இடித்து நேர்த்தெரு போட நினைத்த இடத்தில், இடிபாடுகளை மட்டும் அகற்றி, சந்துகளைக் கொஞ்சம் விரித்து, மரம் வைக்கச் சொன்னார். அவர் போட்ட கணக்குப்படி செலவு ஆறில் ஒரு பங்குதான். கொசுவுக்குப் பயந்து குளத்தைத் தூர்ப்பதை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. மீனும் வாத்தும் விடுங்கள், கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும், குளம் ஊரைக் குளிர வைக்கும் என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவாரஸ்யம். கூட வேலை செய்த லான்செஸ்டர் 1918-ல் சென்னையின் நகரமைப்பு பற்றித் தனிப் புத்தகமே போட்டார். 1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த சூட்டோடு 1923 வாக்கில் கையில் எடுத்த பெரிய வேலை எது தெரியுமா? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்து தி.நகரை உண்டாக்கியது. மயிலாப்பூர் ஏரி என்றும் அதற்குப் பெயர் உண்டு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. லேக் எங்கே என்று கேட்காதீர்கள். தி.நகரைக் குறை சொல்லவில்லை. பனகல் பார்க்கை நடுவில் வைத்துத் தெருக்களைப் பிரித்த அழகு அழகுதான். ஆனால் கெட்டிஸிடமிருந்து சட்டத்துக்கான உந்துதலை வாங்கிக்கொண்டோம், சர்வேயை விட்டுவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது.

விட்டுப்போன அந்த வேலையைப் பிற்பாடு பொதுஜன அமைப்புகள் கோர்ட்டில் நின்று செய்ய வேண்டி வந்தது. மெரினாவில் இருக்கும் போலீஸ் தலைமையகத்தை 1990-களில் இடிக்கப் பார்த்தபோது வழக்குப் போட்டுத் தடுத்தது இன்டாக். மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897-ல் கட்டியது. 2006-ல் எல்.ஐ.சி. அதை இடிக்க ஆரம்பித்தபோதும் இன்டாக்தான் போனது. 2010-ல் உயர் நீதிமன்றம் கட்டடத்தைக் காப்பாற்றியதோடு, பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைக்கவும் சொன்னது. 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது.

எல்லாம் நல்ல விஷயம். ஆனால் இந்தச் சண்டைகள் எல்லாமே கட்டடத்துக்காக. கோபுரமும் வளைவும் இருந்தால்தான் நம் கண்ணுக்குப் பாரம்பரியம் தெரிகிறது.

மந்தைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டு மந்தை மேய்ந்த வெளி என்று பெயரே சொல்கிறது. இங்கே பட்டியலில் சேர்க்க அரண்மனை எதுவும் கிடையாது. ஆனால் கால்வாய் இருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. வெட்டியவர்கள் பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த, அரை வயிற்றுக் கூலிகள். பட்டினி கிடந்தவர்கள் கையால் உருவான, ஊரின் மிகப் பெரிய கட்டுமானங்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். விறகும் உப்பும் படகில் வந்த அந்த வழியிலேதான் பறக்கும் ரயிலுக்குத் தூண் இறக்கினார்கள். 1997-ல் திருமயிலை வரை ரயில் வந்தது. 2004-ல் மந்தைவெளி தாண்டித் திருவான்மியூர் போனது. நிலம் கையகப்படுத்த வேண்டாம், வீடு இடிக்க வேண்டாம் என்ற கணக்கு புரிகிறது. எத்தனையோ தடவை நானும் அதில் போகிறேன். இருந்தாலும் மழை வந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியை, மேலே இருந்து கீழே பார்க்கிற எவரும் கேட்பார்கள்.

குடியிருப்போர் சங்கங்கள் குப்பை, சாக்கடை, நடைபாதை என்று மனு எழுதுகின்றன. அந்த நோட்டிலேயே இன்னொரு பக்கம் சேர்க்கலாம்: கால்வாய்க் கரை எங்கிருந்து எதுவரை, எந்த இடத்தில் எவ்வளவு அகலம், மழைநீர் எந்தத் தெரு வழியாக அதில் விழுகிறது, எந்தக் கிணறு மூடப்பட்டது. டேப்பும் போனும் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தைவெளி ஸ்டேஷனுக்குக் கீழே ஆரம்பித்தால், வெயில் ஏறுவதற்குள் கிரீன்வேஸ் ரோடு பக்கம் வரை பார்த்துவிடலாம்.