பழக்கடையிலிருந்து ரயில் நிலையத்துக்கு: செய்ஜோ இஷீ அங்காடியின் வளர்ச்சி

ஜப்பானின் உயர்தர உணவு அங்காடிகளைச் செல்வந்தர்களின் கடைகள் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. டோக்கியோவின் செய்ஜோ இஷீ நிறுவனத்தின் வரலாறு அந்த எளிய விளக்கத்துக்குள் அடங்குவதில்லை. புறநகர் ஒன்றின் ஒற்றைக் கடை, நூற்றுக்கு மேற்பட்ட கிளைகளாகப் பெருகியது எப்படி? ரயில் பாதையும், கொள்முதலையும் தயாரிப்பையும் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்ட வணிக முறையும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின என்பது இக்கட்டுரையின் வாதம்.

தோற்றம்

செய்ஜோ கல்விக்கூடம் 1925இல் டோக்கியோவின் மேற்குப் புறத்திலிருந்த கினுதா கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. பள்ளியைச் சுற்றி வீட்டுமனைகள் உருவாயின. 1927 ஏப்ரலில் ஒடாக்யூ ரயில் பாதை திறக்கப்பட்டு, பள்ளியின் பெயரிலேயே நிலையமும் அமைந்தது. பழம், தின்பண்டம், டப்பாவில் அடைத்த உணவு ஆகியவற்றை விற்கும் இஷீ உணவுப்பொருள் கடை அதே ஆண்டில் அங்கே தொடங்கியது.

பழ வணிகத்தில் தொடங்கியது கவனிக்கத்தக்கது. ஜப்பானில் கோடைக்காலத்திலும் ஆண்டிறுதியிலும் மதிப்புக்குரியவர்களுக்குப் பரிசனுப்பும் மரபு உண்டு. நல்ல பழம் அத்தகைய பரிசுகளில் ஒன்று. மெலன் பழம் எந்த நாளில் பழுத்துப் பதமாகும் என்று கணித்துச் சொல்லத் தெரிந்தவரே நம்பிக்கைக்குரிய வியாபாரி. இதே துறையின் மற்றொரு முன்னோடியான கினோகுனியாவும் 1910இல் டோக்கியோவின் அஒயாமாவில் பழக்கடையாகவே பிறந்தது. 1953இல் வாடிக்கையாளர் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் முறையை ஜப்பானில் முதன்முதலாகக் கொண்டுவந்ததும் அந்தக் கடைதான்.

கொள்முதலும் சமையற்கூடமும்

செய்ஜோ இஷீ 1976இல் சூப்பர் மார்க்கெட்டாக மாறியது. இரண்டாவது கிளை, யோகோஹாமாவின் அஒபாதாய் பகுதியில் 1988இல்தான் திறக்கப்பட்டது. அதுவும் ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த புறநகரே. 1985ஆம் ஆண்டின் பிளாசா உடன்படிக்கைக்குப் பின் யென்னின் மதிப்பு வேகமாக உயர்ந்திருந்ததால், அக்காலத்தில் இறக்குமதி மலிந்தது. நிறுவனம் இடைத்தரகரைத் தவிர்த்து, ஒயின், பாலாடைக்கட்டி போன்றவற்றை நேரடியாகத் தருவிக்கும் வழியில் இறங்கியது. ஒயின் வெப்பத்தில் கெடாதிருக்கக் குளிரூட்டப்பட்ட கொள்கலன்களில் கடல் கடந்து வந்தது. வந்த பின்னும் வெப்பநிலை மாறாத கிடங்கில் வைக்கப்பட்டது.

1996இல் டோக்கியோவின் மச்சிதாவில் மையச் சமையற்கூடம் அமைந்தது. அதன் உருளைக்கிழங்கு சாலட் தயாராகும் விதமே நிறுவனத்தின் போக்கைக் காட்டும்: கிழங்கைத் தோலோடு ஆவியில் வேகவைத்து, பிறகு கையால் உரிக்கிறார்கள். தோலை முன்பே சீவிவிட்டால் வேலை சுலபம்; ஆனால் சுவை குறையும்.

ரயில் நிலையத்துக்குள்

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி வெடித்தது. பெரிய கடைகளில் ஆடம்பரச் செலவு சுருங்கியது. வேலைக்குச் செல்லும் பெண்களும் தனித்து வாழ்வோரும் பெருகி, வீடு திரும்பும் வழியிலேயே இரவு உணவை வாங்கும் பழக்கம் வலுப்பெற்றது. 1997இல் டோக்கியோவின் எபிசு ரயில் நிலையக் கட்டடத்தில் கடை திறந்தபோது, செய்ஜோ இஷீயின் வாடிக்கையாளர் வட்டமே மாறியது. செல்வந்தர் குடியிருப்பை நம்பியிருந்த கடை, அலுவலகம் முடிந்து ஒரு துண்டு சீஸ் கேக்கும் சாலட்டும் வாங்கிச் செல்லும் ஊழியரின் கடையும் ஆனது.

அதன் பிறகு உரிமை பலமுறை கைமாறியது. 2004இல் பின்னர் ரெக்ஸ் ஹோல்டிங்ஸ் எனப் பெயர் மாறிய உணவகக் குழுமம், 2011இல் முதலீட்டு நிறுவனமான மருனோஉச்சி கேப்பிட்டல், 2014இல் சிறு அங்காடித் தொடரான லாசன் என உரிமையாளர்கள் மாறினார்கள். கினோகுனியா 2010இல் ஜேஆர் கிழக்கு ரயில் நிறுவனத்தின் கைக்கே சென்றது.

முடிவு

உரிமையாளர் மாறியும் நேரடி இறக்குமதியும் சொந்தச் சமையற்கூடமும் கைவிடப்படவில்லை. விலையை உயர்த்தி எவரும் உயர்தரக் கடை என்று பெயர் வாங்கிவிட முடியாது. பொருள் விளையும் இடத்திலிருந்து கடை அலமாரி வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறுப்பேற்கும் உழைப்பே அந்தப் பெயரைத் தருகிறது. ரயில் நிலையம் செய்ஜோ இஷீக்குப் புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது. அவர்களை மீண்டும் வரவழைத்தது அந்த உழைப்புதான்.