பாவா ஆதம் மலையும் பாரசீகமும்

ஈரானிய, துருக்கிய வரலாற்றாய்வு என்றதும் இஸ்ஃபஹானும் இஸ்தான்புல்லும்தான் நம்மவருக்கு ஞாபகம் வரும். கொடகவெலயில் இருக்கும் எனக்கு, அது நமது இரத்தினபுரிப் பக்கத்து விஷயமாகவும் படுகிறது.

1344இல் இலங்கை வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்தத் தமிழ் மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது என எழுதுகிறார். பாவா ஆதம் மலையைக் காண வேண்டுமென்று கேட்டதும், மன்னர் பல்லக்கும், வழித்துணைக்கு யோகிகளையும் பிராமணரையும் கொடுத்தார். போகும் வழியில் குனக்கார் நகருக்கு வெளியே ஷீராஸ்காரரான ஷெய்கு உஸ்மானின் பள்ளி இருந்தது. அரசரும் ஊராரும் அவரைப் போய்க் கண்டு கண்ணியப்படுத்தினார்களாம்.

குனக்கார் எது? இரத்தினபுரி என்பாரும் உண்டு, குருநாகல் என்பாரும் உண்டு. அது தீராவிட்டாலும் ஒன்று தெளிவு: மலைப்பாதையில் ஷீராஸின் நினைவு அன்று உயிரோடு இருந்தது.

நமது பூர்வீகத்தை அரபுக் கப்பலோடு மட்டும் முடித்துவிடுகிறோம். ஐவேளையும் கேட்கும் 'பாங்கு' பாரசீகச் சொல். அரபியில் அது அதான்.

இப்னு பதூதாவின் ரிஹ்லா அரபி நூல். மத்ரஸாவில் ஓதிய நம் பிள்ளைகள் இங்கிலீஷ் பெயர்ப்பை நம்பியிருக்கத் தேவையில்லை. இலங்கை பற்றிய பக்கங்களை மூலத்திலேயே வாசித்துத் தமிழில் தரட்டும். ஆய்வை அங்கிருந்தே தொடங்கலாம்.