மடமா, மாளிகையா?

நடுத் துருக்கியின் கப்படோக்கியா வட்டாரத்தில், அக்சராய் நகருக்கு அருகே, எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்பாறைச் சரிவைக் குடைந்து முற்றமும் கூடமும் அறைகளும் சிற்றாலயமுமாக அமைத்த வளாகங்கள் வரிசையாகக் காணப்படுகின்றன. அங்கே 11ஆம் நூற்றாண்டில் செங்கல்லும் கல்லும் கொண்டு எழுப்பிய தேவாலயத்தின் பெயரால் அந்த இடம் சான்லி கிலிசே, அதாவது 'மணியுள்ள கோயில்', எனப்படுகிறது. கப்படோக்கியாவில் உள்ள இத்தகைய வளாகங்கள் பைசாந்தியப் பேரரசுக் காலத்துத் துறவியர் மடங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. லின் ராட்லி 1985இல் வெளியிட்ட நூலும் அவற்றில் பலவற்றை 'முற்ற மடங்கள்' என்று வகைப்படுத்தியது.

இக்கருத்து வேரூன்றியதற்கு, தொடக்ககால ஆய்வாளர்கள் பெரும்பாலும் சுவரோவியம் தேடிச் சென்றதும் ஒரு காரணம். கோயிலை அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்தவர்கள் பக்கத்துச் சமையலறையை எட்டிப் பார்த்ததோடு சரி. 1990களில் ராபர்ட் ஔஸ்டர்ஹவுட் சான்லி கிலிசேயில் அகழாமலே அளந்து வரைபடமாக்கியபோது, சிற்றாலயம் இருப்பதாலேயே ஓர் இடம் மடமாகிவிடாது என்பது தெளிவாயிற்று. வீட்டுச் சிற்றாலயங்களில் வழிபாடு நடத்துவதைப் பேரரசர் ஆறாம் லியோ (886–912) சட்டத்தாலேயே அனுமதித்திருந்தார்; ஆகவே செல்வர் வீட்டில் கோயில் இருந்ததில் வியப்பில்லை.

மடத்துக்கு உறுதியான அடையாளம் உணவுக்கூடம். ஒரே வளாகத்தில் கூடி வாழ்ந்த துறவியர் ஒரே மேசையில் உண்பது விதி. இதே வட்டாரத்தின் கோரெமே பள்ளத்தாக்கில் அத்தகைய கூடங்கள் பல உண்டு. அங்கே நீண்ட மேசையும் அதன் இருபுற இருக்கைகளும் தனியே செய்து வைத்தவையல்ல. அறையைக் குடையும்போதே பாறையை விட்டுவைத்துத் தரையோடு சேர்த்துச் செதுக்கியவை என்பதால், எவரும் பெயர்த்துக்கொண்டு போக வழியின்றி இன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சான்லி கிலிசேயின் பெரும்பாலான வளாகங்களில் அந்த மேசை இல்லை. மாறாக, விருந்தினரை வரவேற்கும் பெருங்கூடங்களும், சுவரில் தீனித்தொட்டிகள் வெட்டிய லாயங்களும் உள்ளன. இவை குதிரையும் பரிவாரமும் வைத்திருந்த நிலவுடைமையாளரின் மாளிகைகள் என்ற ஔஸ்டர்ஹவுட்டின் முடிவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஆயினும் மாளிகையே மடமாக மாறியதும் உண்டு. வரலாற்றாசிரியரும் நீதிபதியுமான மிகாயில் அத்தலியாத்தீஸ் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த தம் வீட்டையே மடமாக்கி, 1077இல் அதற்கு விதிமுறையும் எழுதிவைத்தார். முற்றமும் பெருங்கூடமும், ஒரு வளாகத்தை முதலில் யாருக்காகக் குடைந்தார்கள் என்பதைக் காட்டுமேயன்றி, கடைசியில் அங்கே வாழ்ந்தவர் யார் என்பதைக் காட்டுவதில்லை.